நிபுணருக்கு முன்னும் பின்னும் நிற்பவர்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஜார்ஜ்டவுன், ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் பினாங்கு மருத்துவமனைக்குப் போய் வந்த நம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "காலையிலேயே போய் உட்கார்ந்தோம். பெரிய டாக்டர் ரெண்டு நிமிஷம்தான் பார்த்தார். மத்ததெல்லாம் அந்தத் தம்பியும் மிஸ்ஸியும்தான் பார்த்தாங்க." இதைச் சொல்லும்போது குரலில் ஒரு குறை தொனிக்கும். ஏமாற்றப்பட்டது போன்ற உணர்வு. பெரிய டாக்டரைப் பார்க்கத்தானே போனோம் என்ற ஆதங்கம்.

அந்தத் தம்பி யார்? அந்த மிஸ்ஸி யார்? அவர்களுக்கு என்ன தெரியும்? எதுவரை தெரியும்? இதைப் புரிந்து கொள்ளாததால் நம் சமூகம் இழப்பது கொஞ்சமல்ல. சில வேளைகளில் ஒரு விரல், சில வேளைகளில் ஒரு கால், சில வேளைகளில் உயிரே போய்விடுகிறது. இன்றைய உரை அதைப் பற்றியதுதான்.

தோட்டத்து டிரஸ்ஸர் ஐயா

முதலில் ஒரு செய்தி. மருத்துவர் அல்லாத, ஆனால் மருத்துவம் பயின்ற உதவியாளர் என்பவர் நமக்குப் புதியவர் அல்லர். நம் தாத்தா பாட்டிமார் அவரை 'டிரஸ்ஸர் ஐயா' என்று அழைத்தார்கள்.

செபராங் பிறையில் கலிடோனியா, பைராம், பத்து காவான் போன்ற தோட்டங்களில் நம்மவர் உழைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். மருத்துவர் எங்கோ பட்டணத்தில் இருப்பார். குறிப்பிட்ட நாள்களில் மட்டும் வந்து போவார். மற்ற நாள்களில் காய்ச்சலோ, பிரசவ வலியோ, பாம்புக் கடியோ, பால்கத்தி வெட்டோ, எல்லாவற்றுக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர் டிரஸ்ஸர் ஒருவர்தான். காலையில் பெரட்டு எடுக்கும் இடத்திலேயே மலேரியாவுக்குக் கொய்னா கொடுத்த காலம் அது. புண்ணுக்குக் கட்டுப் போடுபவர் என்பதால் வந்த பெயர்தான் 'டிரஸ்ஸர்'. யாழ்ப்பாணத் தமிழர்களும் மலையாளிகளும் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் அந்த வேலையில் நிறைய இருந்தார்கள்.

பிற்காலத்தில் அந்தப் பதவி 'ஹாஸ்பிட்டல் அசிஸ்டன்ட்' ஆனது. தோட்டத்தில் 'எச்.ஏ.' என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். 1965-ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. பிறகு 1977-ஆம் ஆண்டின் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. இன்று அவர்களின் அதிகாரப்பூர்வப் பெயர் 'பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான்', அதாவது உதவி மருத்துவ அதிகாரி. எஸ்.பி.எம். முடித்தபின் மூன்றாண்டு டிப்ளோமா படித்து, வாரியத்தில் பெயர் பதிந்த பிறகே அவர் நோயாளியைத் தொட முடியும். சிரம்பானிலும் ஈப்போ அருகே உலு கிந்தாவிலும் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்கள் இந்தப் பயிற்சியை அளிக்கின்றன.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பத்து காவானில் இன்று தொழிற்சாலைகளும் பேரங்காடியும் இரண்டாவது பாலமும் நிற்கின்றன. தோட்டத்து ஆஸ்பத்திரி போய்விட்டது. ஆனால் டிரஸ்ஸர் போகவில்லை. அவர் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவிலும், அறுவை அறையிலும், எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போடும் அறையிலும், சிறுநீரகச் சுத்திகரிப்பு மையத்திலும் நிற்கிறார். அன்று மருத்துவர் இல்லாத இடத்தில் தனியாக நின்றவர், இன்று நிபுணர்கள் இருக்கும் இடத்தில் அவர்களோடு சேர்ந்து நிற்கிறார்.

அமெரிக்காவும் சென்னையும்

உலகம் இதைக் கொஞ்சம் தாமதமாகவே கண்டுபிடித்தது என்று சொன்னால் மிகையாகாது. அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டில் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். கடற்படையில் காயம்பட்டோருக்கு முதலுதவி செய்து அனுபவம் பெற்றுத் திரும்பியவர்களை அவர் சேர்த்துக் கொண்டார். 1967-இல் மூவர் தேர்ச்சி பெற்றனர். 'ஃபிசிஷியன் அசிஸ்டன்ட்' எனும் தொழில் அப்படிப் பிறந்தது. அதே 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தாதி லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் சேர்ந்து, அனுபவமுள்ள தாதியருக்கு நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சை தரும் உயர் பயிற்சியைத் தொடங்கினர். அதிலிருந்து 'நர்ஸ் பிராக்டிஷனர்' தோன்றினார். அந்த லொரெட்டா ஃபோர்ட் 104 வயது வரை வாழ்ந்து 2025 ஜனவரியில்தான் மறைந்தார்.

தமிழகத்துக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. இந்தியாவில் மருத்துவ உதவியாளர் பட்டப் பயிற்சி 1992-இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் தொடங்கியது. தொடங்கியவர் புகழ்பெற்ற இருதய அறுவை நிபுணர் டாக்டர் கே. எம். செரியன். இருதய பைபாஸ் அறுவையில் நெஞ்சைத் திறக்கும் வேலை ஒரு பக்கம் நடக்கும்போதே, காலிலிருந்து இரத்தக் குழாயை எடுக்கும் வேலை மறுபக்கம் நடக்க வேண்டும். அந்தக் குழாயில் ஒரு கீறல் விழுந்தாலும் பைபாஸ் வீணாகலாம். அதைச் செய்யவும், அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளியைக் கவனிக்கவும் பயிற்சி பெற்ற கைகள் தேவைப்பட்டன. நிபுணரின் நேரம் நிபுணர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு மிஞ்ச வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை.

மலேசியாவில் 'ஃபிசிஷியன் அசிஸ்டன்ட்' எனும் பெயர் புழக்கத்தில் இல்லை. ஆனால் அந்த வேலையை உதவி மருத்துவ அதிகாரிகளும், மேற்பயிற்சி பெற்ற தாதியரும் பங்கிட்டுக் கொள்கிறார்கள். தீவிர சிகிச்சை, அறுவை அறை, சிறுநீரகம், கண், மகப்பேறு என்று ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி மேற்பயிற்சி உண்டு. இருதய அறுவையின்போது இரத்தத்தைச் செயற்கையாக ஓட வைக்கும் இயந்திரத்தை இயக்குபவர்களில் பலர் இவர்கள் மத்தியிலிருந்து வந்தவர்களே.

முதல் பத்து நிமிடம்

இனி இவர்கள் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு முகப்பு இருக்கும். யார் முதலில் போக வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று அங்கே பிரிப்பவர் பெரும்பாலும் உதவி மருத்துவ அதிகாரிதான். முன்னால் வந்தவர் முன்னால் போவார் என்ற விதி அங்கே கிடையாது. நோயின் கடுமைதான் வரிசையைத் தீர்மானிக்கிறது.

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்து, "ராத்திரி ரொட்டி சானாய் சாப்பிட்டேன், வாயு பிடிச்சிருக்கு, வியர்க்குது" என்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அவருக்குப் பத்து ஆண்டுகளாக நீரிழிவு. நீரிழிவுக்காரருக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சு வலியே இல்லாமல் போகலாம் என்பது அந்த முகப்பில் இருப்பவருக்குத் தெரியும். வெறும் மூச்சு முட்டலும் வியர்வையும் நெஞ்செரிச்சலும் மாரடைப்பாக இருக்கலாம். அதனால் அவர் வாயு மாத்திரை கொடுத்து அனுப்ப மாட்டார். பத்து நிமிடங்களுக்குள் இ.சி.ஜி. எடுத்து மருத்துவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டி. மாரடைப்பு என்று உறுதியானால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பலூன் வைத்து அடைப்பைத் திறப்பதானால் தொண்ணூறு நிமிடங்களுக்குள் செய்ய வேண்டும். இருதய நிபுணரின் கைத்திறன் எவ்வளவு பெரிதானாலும், அந்த முதல் பத்து நிமிடம் வீணானால் இருதயத் தசை செத்துக்கொண்டே போகும்.

இங்கேதான் நம்மவர் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. "நீங்க யாரு? டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேன்" என்று முகப்பில் வாயை மூடிக்கொள்வோர் உண்டு. இனிப்பு நீர் இருப்பதையும், மாத்திரையை நிறுத்தியதையும், நாட்டு மருந்து சாப்பிடுவதையும் சொல்லாமல் மறைப்போர் உண்டு. வாசலில் இருப்பவரிடம் மறைத்தால், நிபுணரிடம் போய்ச் சேர வேண்டிய செய்தி வாசலிலேயே நின்றுவிடும்.

வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம்

அடுத்தது சிறுநீரகம். மலேசியாவில் சிறுநீரகச் சுத்திகரிப்பு செய்து கொள்வோர் எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டிவிட்டது. இதற்குப் பெருங்காரணம் நீரிழிவு. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பத்துப் பேரில் மூவர். நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் ஒரு வரிசையை எண்ணிப் பாருங்கள், கணக்கு விளங்கும்.

இரத்தச் சுத்திகரிப்பு என்பது வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். ஆக, வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம் நோயாளி இயந்திரத்தோடு இருக்கிறார். சிறுநீரக நிபுணர் குறிப்பிட்ட இடைவெளியில் வந்து பார்த்துச் சிகிச்சையைத் திருத்துகிறார். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் கூடவே இருப்பவர் சுத்திகரிப்புத் தாதியோ உதவி மருத்துவ அதிகாரியோதான். அரசு மருத்துவமனையானாலும், தேசிய சிறுநீரக அறநிறுவனம், த்ஸு சி போன்ற அற அமைப்புகள் நடத்தும் மையமானாலும் இதுதான் நிலை.

அவர் என்ன செய்கிறார்? வந்ததும் எடை பார்க்கிறார். போன தடவையை விட இரண்டு கிலோ கூடியிருந்தால் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் தண்ணீர் உடம்பில் தேங்கியிருக்கிறது என்று பொருள். கையில் அறுவை செய்து உண்டாக்கிய இரத்தக் குழாய் இணைப்பைத் தொட்டுப் பார்க்கிறார். அதில் ஒரு சன்னமான அதிர்வு இருக்க வேண்டும். அது குறைந்திருந்தால் குழாய் அடைக்கப் போகிறது என்று அறிந்து மருத்துவரிடம் சொல்கிறார். முழுதாக அடைத்துக்கொண்ட பிறகு சொன்னால் புதிய இணைப்புக்கு மீண்டும் அறுவை. அதற்குள் கழுத்தில் குழாய். அதனால் கிருமித் தொற்று. இத்தனை துன்பத்தையும் தடுத்தது ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பார்த்த ஒரு விரல்.

"மிஸ்ஸி ரொம்பக் கண்டிப்பு, தண்ணீர் குடிச்சா திட்டுறாங்க" என்று குறைப்படுவோர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பாதத்தைப் பார்ப்பவர்

மூன்றாவது, பாதம். நீரிழிவு நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப் போகும். ஆணி குத்தினாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு வெயிலில் வெறுங்காலோடு நடக்கும் பக்தர்களில் எத்தனை பேர் நீரிழிவுக்காரர்கள்! சூடு தெரியாததால் நிற்காமல் நடப்பார்கள். இரண்டு நாள் கழித்து மருமகள் பார்த்துச் சொன்ன பிறகுதான் காலில் புண் இருப்பதே தெரிய வரும்.

சுகாதாரக் கிளினிக்குகளில், ஜாலான் பேராக் கிளினிக் போன்ற இடங்களில், தாதியோ உதவி மருத்துவ அதிகாரியோ ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டு "தெரியுதா?" என்று கேட்பார்கள். விளையாட்டுப் போலத் தோன்றும். அது பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட இழை. அதன் தொடுதல் தெரியவில்லை என்றால் பாதம் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். பிறகு நாடி பார்ப்பார்கள், விரல் இடுக்கைப் பார்ப்பார்கள், செருப்பைக் கூடப் பார்ப்பார்கள். சிறு புண்ணாக இருக்கும்போதே முறையாகக் கட்டுப் போட்டு, ஆறவில்லை என்றால் எலும்பு அறுவை நிபுணரிடம் அனுப்புவதும் அவர்கள் வேலை. பழைய டிரஸ்ஸர் செய்த அதே கட்டுப் போடும் வேலைதான். இன்று அது ஒரு காலைக் காப்பாற்றும் கலையாக வளர்ந்திருக்கிறது.

கர்ப்பிணிகளுக்கும் இப்படியோர் ஏற்பாடு உண்டு. அவர்களின் குறிப்பேட்டில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என வண்ண அடையாளம் இடப்படும். வெள்ளை என்றால் தாதியே பார்த்துக் கொள்ளலாம். பச்சை என்றால் மருத்துவ அதிகாரி. மஞ்சள் என்றால் நிபுணர். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. ஒவ்வொரு தடவையும் அந்த வண்ணத்தை மறுபடி சரிபார்ப்பவர் தாதிதான். நிபுணரின் கதவை எப்போது தட்ட வேண்டும் என்பதை அறிந்திருப்பதே பெரிய மருத்துவ அறிவு.

எல்லை எங்கே?

அப்படியானால் எல்லாவற்றையும் உதவியாளரே பார்த்துவிடலாமா என்ற கேள்வி எழும். கூடாது. பிரிட்டனில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அங்கே 2022-ஆம் ஆண்டு ஓர் இளம் பெண் நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்து இறந்தார். அதற்கு முன் இருமுறை அவரைப் பரிசோதித்தவர் மருத்துவர் அல்லர், 'ஃபிசிஷியன் அசோஷியேட்' எனும் உதவியாளர். தம்மைப் பார்த்தவர் மருத்துவர் என்றே அந்தப் பெண் நம்பியிருந்தார். நாடே கொந்தளித்தது. அரசு அமைத்த ஆய்வுக்குத் தலைமை வகித்த பேராசிரியர் ஜில்லியன் லெங், 2025 ஜூலையில் அறிக்கை தந்தார். 'அசோஷியேட்' என்ற குழப்பமான பெயரை விட்டு 'அசிஸ்டன்ட்' என்றே அழைக்க வேண்டும். உடையிலும் அட்டையிலும் வேறுபாடு தெரிய வேண்டும். நோய் இன்னதென்று இன்னும் கண்டறியப்படாத நோயாளியை அவர்கள் பொதுவாகத் தனித்துப் பார்க்கக் கூடாது என்றெல்லாம் அவர் பரிந்துரைத்தார்.

மறுபக்கமும் உண்டு. ஆரம்ப நிலைச் சிகிச்சையில் மருத்துவருக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற தாதியர் பார்த்த 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018-இல் காக்ரேன் அமைப்பு ஆராய்ந்தது. பல நிலைகளில் பலன் சமமாகவோ சற்று மேலாகவோ இருந்தது. நோயாளிகளின் மனநிறைவும் சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. எல்லை வகுக்கப்பட்டு, அந்த எல்லைக்குள் நின்று, சந்தேகம் வந்தால் மேலே அனுப்பும் இடத்தில் உதவியாளர் உயிர் காக்கிறார். எல்லை மங்கும் இடத்தில் ஆபத்து வருகிறது. நம் சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலில் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எழுத்து உண்டு. 'ஏ' என்றால் நிபுணர் மட்டுமே எழுதலாம். 'பி' என்றால் மருத்துவ அதிகாரியும் எழுதலாம். 'சி' என்றால் உதவி மருத்துவ அதிகாரி போன்ற துணை மருத்துவப் பணியாளரும் எழுதலாம். எல்லை என்பது இப்படித் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையாலும் கூட்ட நெரிசலாலும் அது கடக்கப்படாமல் பார்த்துக்கொள்வது நிர்வாகத்தின் கடமை. அனுபவமுள்ள நிபுணர்கள் தனியார் மருத்துவமனைக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருக்கும்போது, "உதவியாளர்தான் இருக்கிறாரே" என்று காலியிடங்களை நிரப்பாமல் விடுவதற்கு இவர்களைச் சாக்காக்கக் கூடாது. துணைக்கு வந்தவர் மீது தூணின் பாரத்தை ஏற்றுவது அவருக்கும் அநீதி, நோயாளிக்கும் அநீதி.

நாம் செய்ய வேண்டியவை

நேயர்களே, நோயாளியாகவோ துணைக்குப் போகிறவராகவோ இருக்கும்போது சில பழக்கங்கள் வேண்டும்.

ஒன்று, "ஐயா, நீங்கள் மருத்துவரா, உதவி மருத்துவ அதிகாரியா?" என்று மரியாதையோடு கேளுங்கள். இது அவமதிப்பு ஆகாது. அது உங்கள் உரிமை.

இரண்டு, சாப்பிடும் மருந்துகளை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கஷாயமும் சூரணமும் அதில் இருக்கட்டும். பெரிய டாக்டரிடம் சொல்லக் காத்திருக்காமல் முதலில் கேட்பவரிடமே உண்மையைச் சொல்லுங்கள்.

மூன்று, உடல்நிலை தேறவில்லை என்றாலோ அதே தொல்லைக்காக மறுபடி வந்திருந்தாலோ, "இதை மருத்துவர் ஒருவர் பார்க்க முடியுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல உதவியாளர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

நான்கு, புண் கட்டவும் பாதம் பார்க்கவும் கொடுத்த தேதியைத் தவற விடாதீர்கள். நிபுணரைப் பார்க்கும் நாளுக்கு மட்டும் வேலைக்கு விடுப்பு எடுத்து, மிஸ்ஸியைப் பார்க்கும் நாளைத் தள்ளிப் போடுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை டாக்டராக வேண்டும், இல்லையென்றால் இந்தத் துறையே வேண்டாம் என்று நினைக்கிறோம். வீட்டை அடகு வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். நம் முன்னோர் பெருமையோடு செய்த தொழில் இது. எஸ்.பி.எம். தேர்வில் அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி பெற்ற மகனோ மகளோ இருந்தால், உதவி மருத்துவ அதிகாரிப் பயிற்சியையும் தாதிமைப் பயிற்சியையும் விண்ணப்பப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாக இருந்த உதவி மருத்துவ அதிகாரிப் பணியில் இன்று பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் தனியார் கல்லூரியில் சேர்ப்பதானால், அந்தப் படிப்புக்கு உரிய வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று விசாரித்த பிறகே பணம் கட்டுங்கள். 2010-களின் தொடக்கத்தில் தாதிமை டிப்ளோமா முடித்தும் வேலை கிடைக்காமல் கல்விக் கடனோடு நின்ற பிள்ளைகள் பலர்.

'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அவர் நிற்கவில்லை. நோயாளியின் அருகில் இருந்து கவனிப்பவரை நான்காவதாகச் சேர்த்து, நாலும் மருத்துவத்தின் பகுதி என்கிறார். அடுத்த முறை ஜாலான் ரெசிடென்சியிலோ, செபராங் ஜெயாவிலோ, சுங்கை பாக்காப்பிலோ வரிசையில் காத்திருக்கும்போது, உங்கள் கையைப் பிடித்து இரத்த அழுத்தம் பார்ப்பவரிடம் பேர் கேட்டு, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவர் சொல்லும் சொல்தான் உள்ளே நிபுணரின் மேசைக்குப் போகிறது.